டிரெய்லர் இழுக்கும் பிக்கப்பில் டிரான்ஸ்மிஷன் கூலர் பொருத்துவது எப்படி: படிப்படியான வழிகாட்டி

அரிசோனாவில் பீனிக்ஸிலிருந்து ஃப்ளாக்ஸ்டாஃப் போகும் ஐ-17 சாலை, சுமார் 1,100 அடி உயரத்தில் கிளம்பி 7,000 அடி வரை ஏறுகிறது. கோடையில் வெயில் 110 பாரன்ஹீட்டை (43 செல்சியஸ்) தாண்டும் நாளில், பின்னால் ஒரு டிரெய்லரையும் கட்டிக்கொண்டு அதில் ஏறும்போது டிரான்ஸ்மிஷன் ஆயில் எவ்வளவு சூடாகிறது என்பதை நான் மீட்டரில் பார்த்திருக்கிறேன். அந்த ஆயிலைக் காற்றில் ஆற்றும் கூலர் போட முடிவெடுத்தது அந்த ஏற்றத்தில்தான். அதன் பிறகு நண்பர்கள் பலருடைய வண்டிகளிலும் கூடவே நின்று செய்திருக்கிறேன்.

என் வண்டி 2004 ஷெவர்லே சில்வராடோ 1500. 5.3 லிட்டர் வி8 எஞ்சின், 4எல்60-இ என்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன். கீழே சொல்வது அதை வைத்துத்தான். வேறு பிக்கப்பாக இருந்தால் இணைப்பான்களின் வடிவம் மாறும், ஆயில் வகை மாறும். வேலையின் வரிசை மட்டும் மாறாது.

ஒரு சனிக்கிழமை காலை போதும், கடினமான வேலை இல்லை. கெட்டுப்போவது எல்லாம் அவசரத்தால்தான். எந்தக் குழாயில் ஆயில் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாமலே குழாயில் கை வைத்துவிடுகிறார்கள். அதனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றுக்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. முதலில் வெப்பத்தை அளங்கள்

ஓபிடி-2 சாக்கெட்டில் (டாஷ்போர்டுக்குக் கீழே பழுதறியும் கருவியைச் செருகும் இடம்) மாட்டும் சின்ன ப்ளூடூத் ரீடர் ஒன்றும், டிரான்ஸ்மிஷன் வெப்பத்தைக் காட்டும் செயலி ஒன்றும் வேண்டும். சில செயலிகள் எஞ்சின் கூலன்ட் வெப்பத்தை மட்டுமே காட்டும். வாங்குவதற்கு முன் உங்கள் வண்டியின் டிரான்ஸ்மிஷன் வெப்பம் அதில் வருகிறதா என்று பாருங்கள்.

டிரெய்லரோடு நீங்கள் வழக்கமாகப் போகும் மேடான பாதையில் ஒரு முறை ஓட்டி, அதிகபட்ச அளவைக் குறித்து வையுங்கள். 175 முதல் 200 பாரன்ஹீட் (80 முதல் 93 செல்சியஸ்) வரை இருந்தால் ஆயில் நன்றாக இருக்கிறது. 220-ஐ (104 செல்சியஸ்) தாண்டி அங்கேயே நிற்கிறதென்றால் கூலர் தேவை. 175-க்கு மேல் ஒவ்வொரு 20 பாரன்ஹீட் கூடும்போதும் ஆயிலின் ஆயுள் பாதியாகிறது என்பது மெக்கானிக்குகள் கைக்கணக்காகச் சொல்வது.

இந்த முதல் அளவு இல்லாவிட்டால், எல்லாம் பொருத்திய பிறகு வேலை பலித்ததா இல்லையா என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. இதைத் தவிர்த்துவிட்டு, “போட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது” என்று சொல்பவர்கள் நிறைய.

2. வண்டியில் ஏற்கெனவே கூலர் இருக்கிறதா?

பெரும்பாலான ஆட்டோமேட்டிக் பிக்கப்புகளில் ரேடியேட்டரின் பக்கத் தொட்டிக்குள் ஒரு சின்ன கூலர் உண்டு. நாம் பேசுவது அதைப் பற்றி அல்ல, ரேடியேட்டருக்கு முன்னால் காற்றில் நிற்கும் தனிக் கூலரைப் பற்றி. இழுவை வசதியோடு வாங்கிய வண்டிகளில் இது தொழிற்சாலையிலேயே போடப்பட்டிருக்கும்.

சில்வராடோவில் கிளவ் பாக்ஸைத் திறந்தால் மூன்றெழுத்துக் குறியீடுகள் வரிசையாக அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதில் ‘கேஎன்பி’ என்று இருந்தால் கூலர் ஏற்கெனவே இருக்கிறது. டார்ச் அடித்து கிரில் வழியாகவும் பாருங்கள். இருக்கிற கூலர் சிறியதென்றால் அதை எடுத்துவிட்டுப் பெரியதைப் போடலாம். அப்போது குழாய்களும் தயாராகவே இருக்கும், வேலை பாதியாகிவிடும்.

புதிய வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இப்போதைய டிரான்ஸ்மிஷன்கள் பலவற்றில் கூலர் பாதையில் ஒரு தெர்மோஸ்டாட் வால்வு இருக்கிறது. ஆயில் குறிப்பிட்ட சூட்டை எட்டும் வரை அந்த வால்வு ஆயிலைக் கூலருக்கு விடாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் எவ்வளவு பெரிய கூலர் போட்டாலும் சாதாரண ஓட்டத்தில் மீட்டரில் பெரிய மாற்றம் தெரியாது.

3. ஆயிலைப் பார்த்து, டிரான்ஸ்மிஷன் நலமா என்று உறுதி செய்யுங்கள்

டிரான்ஸ்மிஷனின் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) உருவி வெள்ளைத் துணியில் துடையுங்கள். ஆயில் சிவப்பாகவோ லேசாகப் பழுப்பேறிய சிவப்பாகவோ இருந்தால் சரி. கரும்பழுப்பாக, கருகின வாடையோடு இருந்தால் உள்ளே கிளட்ச் தகடுகள் எரிந்திருக்கின்றன. கியர் வழுக்கும் டிரான்ஸ்மிஷனைக் கூலர் குணப்படுத்தாது. அந்தப் பணத்தை ரிப்பேருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ராபெரி மில்க் ஷேக் மாதிரி இளஞ்சிவப்பாகக் கலங்கி இருந்தால், ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் உடைந்து கூலன்ட் கலந்திருக்கிறது என்று அர்த்தம். வண்டியை ஓட்டாதீர்கள். 2005 முதல் 2010 வரை வந்த நிசான் ஃப்ரன்டியர், எக்ஸ்டெரா, பாத்ஃபைண்டர் வண்டிகளில் இது பேர்போன கோளாறு. அந்த வண்டி வைத்திருப்பவர்கள் ரேடியேட்டரை அடியோடு தவிர்த்து, தனிக் கூலரை மட்டும் வைத்துக்கொள்வது நியாயமான முடிவு.

ஆயில் மாற்றி ரொம்ப நாளாகிவிட்டதென்றால் கீழ்த் தட்டைக் கழற்றி ஃபில்டரையும் இதோடு மாற்றிவிடுங்கள். தட்டில் இருக்கும் காந்தத்தில் மை மாதிரி சாம்பல் நிறக் குழைவு ஒட்டியிருப்பது இயல்பு. நெருடும் அளவுக்கு உலோகச் செதில் இருந்தால் இயல்பில்லை.

4. வாங்கி வைக்க வேண்டியவை

பாதி வேலையில் கடைக்கு ஓடக் கூடாது. குழாய் திறந்து கிடக்கும் நேரமெல்லாம் தூசி உள்ளே போகும்.

கூலர்: தட்டுகளை அடுக்கிச் செய்த வகையை வாங்குங்கள். அளவு ஒன்றாக இருந்தாலும், வளைந்த குழாயில் தகடு கோத்த பழைய வகையைவிட இது வெப்பத்தை நன்றாக இறக்கும். ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது சுருக்கு வழியில் விட்டுவிடும் அமைப்பும் இந்த வகையில் சிலவற்றில் உண்டு. பெட்டியில் எத்தனை பவுண்டுக்கு என்று போட்டிருக்கும். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடையை வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

ஹோஸ்: டிரான்ஸ்மிஷன் ஆயில் கூலருக்கென்றே விற்கும் ஹோஸ். எஸ்ஏஇ ஜே1532 என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். என் வண்டிக்கு 3/8 அங்குலம். பெட்ரோல் ஹோஸ் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், விலையும் குறைவு. ஆனால் இந்தச் சூட்டில் அது விறைத்து வெடித்துவிடும்.

கிளாம்ப்: உள்பக்கம் வழவழப்பாக இருக்கும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வகை. துளை போட்ட சாதாரண ஸ்க்ரூ கிளாம்ப் ரப்பரை அறுத்துக்கொண்டே போகும்.

அடாப்டர்: ரேடியேட்டரின் விரைவு இணைப்பானில் (திருகாமல் அழுத்தி மாட்டும் இணைப்பு) செருகி, மறுபக்கம் ஹோஸ் மாட்டக்கூடியது. அதோடு புதிய கம்பி கிளிப் இரண்டு மூன்று.

பிடிமானம்: அலுமினியப் பட்டை, ரப்பர் துண்டு, நட்டு போல்ட்.

ஆயில்: உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் வகை மட்டும். என் வண்டிக்கு, கையேடு சொன்ன டெக்ஸ்ரான்-3-க்குப் பதிலாக வந்த டெக்ஸ்ரான்-6. பழைய டெக்ஸ்ரான்-3 கேட்கும் வண்டிக்கும் அது பொருந்தும். ஃபோர்டு, டொயோட்டா, கிரைஸ்லர் எல்லாவற்றுக்கும் வேறு வேறு. கூலருக்கு மட்டும் இரண்டு குவார்ட் போதும் (ஒரு குவார்ட் என்பது ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு); கீழ்த் தட்டையும் கழற்றினால் அதற்கு வேறாக வேண்டும்.

இவை போக எண்ணெய்த் தட்டு, நிறையத் துணி, அகச்சிவப்பு வெப்பமானி, தெளிவான பிளாஸ்டிக் குழாய் ஒரு முழம், கண்ணைக் காக்கும் பாதுகாப்புக் கண்ணாடி. கடைசியாக, சாவியைத் திருப்ப ஒரு ஆள்.

5. திரும்பி வரும் குழாய் எது?

டிரான்ஸ்மிஷனிலிருந்து இரண்டு எஃகுக் குழாய்கள் ரேடியேட்டருக்கு வருகின்றன. ஒன்றில் சூடான ஆயில் போகிறது, மற்றொன்றில் ரேடியேட்டரில் ஆறிய ஆயில் திரும்புகிறது. நம் கூலர் இந்தத் திரும்பும் குழாயில் வர வேண்டும். சூடான ஆயில் முதலில் ரேடியேட்டருக்குப் போய், அப்புறம் கூலருக்கு, அப்புறம் டிரான்ஸ்மிஷனுக்கு. இதுதான் வரிசை.

ஏன் இந்த வரிசை? ரேடியேட்டரில் ஓடும் கூலன்ட் 195 முதல் 210 பாரன்ஹீட்டில் இருக்கும். கூலரை முதலில் வைத்தால், அது பாடுபட்டு 160-க்கு இறக்கிய ஆயிலை ரேடியேட்டர் மறுபடியும் சூடாக்கி டிரான்ஸ்மிஷனுக்கு அனுப்பும். பணம் போட்டும் பலன் பாதிதான்.

ரேடியேட்டரை முழுக்கத் தவிர்த்தால் என்ன என்று கேட்பார்கள். மேலே சொன்ன நிசான் போன்ற காரணம் இல்லாவிட்டால் வேண்டாம். ஃப்ளாக்ஸ்டாஃபில் பனி பெய்யும் காலையில் ஆயிலைச் சீக்கிரம் சூடேற்றுவதும் அதே ரேடியேட்டர்தான். கெட்டியான குளிர்ந்த ஆயிலும் டிரான்ஸ்மிஷனுக்குக் கெடுதல்.

கண்டுபிடிக்க இரண்டு சோதனைகள். இரண்டையும் செய்யுங்கள்.

முதல் சோதனை: வண்டி இரவு முழுக்க நின்று ஆறியிருக்க வேண்டும். ரேடியேட்டர் பக்கம் இரண்டு குழாய்களிலும் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டுங்கள்; பளபளக்கும் எஃகில் அகச்சிவப்பு வெப்பமானி தப்பாகக் காட்டும், டேப்பின் மேல் சரியாகக் காட்டும். எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பிரேக்கை அழுத்தியபடி கியரில் போட்டு இரண்டு நிமிடம் வையுங்கள். மறுபடி பார்க்கிங்கில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகு அளங்கள். முதலில் சூடாவது போகும் குழாய்.

இரண்டாவது சோதனைதான் தீர்ப்பு. எஞ்சினை அணைத்துவிட்டு, திரும்பும் குழாய் என்று நீங்கள் நினைப்பதை ரேடியேட்டரிலிருந்து கழற்றுங்கள். ரேடியேட்டரின் வாயில் அடாப்டரைப் போட்டு, தெளிவான பிளாஸ்டிக் குழாயை மாட்டி ஒரு வாளிக்குள் விடுங்கள். கழற்றிய எஃகுக் குழாய்க்கு அடியிலும் தட்டு வையுங்கள். உதவியாளர் ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நொடியில் அணைத்துவிட வேண்டும், அதற்கு மேல் கூடாது. பம்ப் ஆயிலை வேகமாக வெளியே தள்ளிவிடும்.

வாளிக்குள் ஆயில் வந்தால் நீங்கள் கழற்றியது திரும்பும் குழாய், சரிதான். எஃகுக் குழாயிலிருந்து தட்டில் கொட்டினால் அது போகும் குழாய். திருப்பி மாட்டிவிட்டு மற்றதைக் கழற்றுங்கள். வாளியில் வந்த ஆயில் எவ்வளவு என்று அளந்து வையுங்கள், பின்னால் நிரப்பும்போது உதவும்.

“மேலே இருப்பது திரும்பும் குழாய், கீழே இருப்பது போகும் குழாய்” என்று யாராவது சொல்வார்கள். பல வண்டிகளில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் பழைய வண்டியில் முன்பு யாரோ ரேடியேட்டர் மாற்றியிருக்கலாம், குழாயை மாற்றிப் போட்டிருக்கலாம். மூன்று நொடிச் சோதனை பொய் சொல்லாது.

6. விரைவு இணைப்பானைக் கழற்றுவது

சில்வராடோவில் குழாய் முனையில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைப் பின்னால் நகர்த்தினால் உள்ளே மெல்லிய கம்பி கிளிப் தெரியும். கொக்கி முனை உள்ள ஊசியால் அதன் ஒரு நுனியை மெதுவாக நெம்பி, மறுகையின் விரலை அதன் மேலேயே வைத்திருங்கள். இல்லாவிட்டால் டிங் என்று பறந்து எஞ்சினுக்குள் எங்கோ விழுந்துவிடும். பாதுகாப்புக் கண்ணாடி சொன்னது இதற்காகத்தான். கிளிப் வந்ததும் குழாயை நேராக இழுத்தால் வந்துவிடும்.

திருப்பி மாட்டும்போது புதிய கிளிப்பை முதலில் இணைப்பானில் உட்கார வைத்து, குழாயைக் கிளிக் சத்தம் கேட்கும் வரை அழுத்துங்கள். பிறகு பலமாகப் பின்னால் இழுத்துப் பாருங்கள். குழாய் சரியாக உட்கார்ந்திருந்தால்தான் பிளாஸ்டிக் மூடி முழுக்க மூடும். மூடி அரைகுறையாக நின்றால், கட்டாயப்படுத்தித் தள்ளாமல் மறுபடி கழற்றி மாட்டுங்கள்.

எஃகுக் குழாயை நடுவில் வெட்டி ஹோஸ் மாட்டுபவர்களும் உண்டு. வெட்டத்தான் வேண்டுமென்றால் ஹாக்ஸா பிளேடைத் தொடாதீர்கள், அந்த எஃகுத் தூள் நேராக டிரான்ஸ்மிஷனின் வால்வு பாடிக்கு (கியர் மாற்றும் ஆயில் வால்வுகள் இருக்கும் பகுதி) போகும். குழாய் வெட்டும் உருளைக் கத்தியால் வெட்டி, முனையைப் புடைக்க வைத்த பிறகே ஹோஸ் மாட்ட வேண்டும். மொட்டைக் குழாயில் மாட்டிய ஹோஸ் அழுத்தத்தில் கழன்றுவிடும். அடாப்டர் முறையில் எதையும் வெட்டுவதில்லை, வண்டியை விற்கும்போது பழையபடி மாற்றிவிடலாம். அதனால் நான் அதைத்தான் சொல்வேன்.

7. கூலரைப் பொருத்துவது

கிரில்லைக் கழற்றினால் ஏசி கண்டன்சர் (ஏசியின் சூட்டை வெளியேற்றும் பாகம்) தெரியும். கூலர் அதற்கு முன்னால், கண்டன்சரிலிருந்து குறைந்தது 6 மில்லிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். இரண்டும் ஒட்டியிருந்தால் காற்று சரியாகப் பாயாது, அதிர்வில் ஒன்றையொன்று தேய்க்கும்.

கிட்டோடு நீளமான பிளாஸ்டிக் பட்டைகள் வரும். கண்டன்சர் தகடுகளுக்கு நடுவே குத்தி, பின்னால் பூட்டச் சொல்வார்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அப்படிப் பொருத்திய ஒரு நண்பரின் வண்டியை அடுத்த கோடையில் பார்த்தேன். பட்டை அசைந்து அசைந்து கண்டன்சர் குழாயில் நகக்கண் அளவு பள்ளம் விழுந்து, அதன் அடியில் ஊசி முனைத் துளை. ஏசி வாயு முழுக்கப் போய்விட்டது, பீனிக்ஸில், ஜூலை மாதத்தில், பின் சீட்டில் இரண்டு குழந்தைகளோடு. கண்டன்சருக்கு ஆன செலவில் நாலைந்து கூலர் வாங்கியிருக்கலாம்.

அலுமினியப் பட்டையை அளந்து வளைத்து, வண்டியின் மேல் கம்பத்திலும் கீழ்க் கம்பத்திலும் போல்ட் போடுங்கள். உலோகம் உலோகத்தைத் தொடும் இடத்தில் ரப்பர் வையுங்கள். கூலரின் வாய்கள் மேலே அல்லது பக்கவாட்டில் இருக்கட்டும். உள்ளே இருக்கும் காற்று வெளியேற எளிது. போல்ட்டை இறுக்குவதற்கு முன் கிரில்லை வைத்துப் பாருங்கள், பானெட்டை மூடிப் பாருங்கள். பானெட் கொக்கி வந்து இடித்தால் இப்போதே தெரிய வேண்டும்.

8. ஹோஸ் ஓட்டுவது

வெட்டுவதற்கு முன் முழு ஹோஸையும் அதன் பாதையில் ஓட்டிப் பாருங்கள். ரேடியேட்டர் ஓரத்தில் இருக்கும் இடைவெளி வழியாக முன்னால் வரும்போது தகட்டு விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். அங்கே ரப்பர் வளையம் போடுங்கள், அல்லது பெரிய ஹோஸ் ஒரு துண்டைக் கீறி உறையாக மாட்டுங்கள். ஃபேன், பெல்ட், எக்ஸாஸ்ட் மூன்றும் எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். வளைவு மடிந்துவிடாமல் தாராளமாக இருக்கட்டும், ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கும் ரேடியேட்டர் அசையும் என்பதால் கொஞ்சம் தளர்வும் வேண்டும்.

ரேடியேட்டர் அடாப்டரிலிருந்து கூலரின் ஒரு வாய்க்கு ஒரு ஹோஸ். கூலரின் மறுவாயிலிருந்து, கழற்றி வைத்த எஃகுக் குழாய்க்கு இன்னொன்று. பெரும்பாலான கூலர்களில் எந்த வாய் உள்ளே, எந்த வாய் வெளியே என்ற வித்தியாசம் இல்லை. தாளில் வேறு சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள். எஃகுக் குழாயின் முனைக்குச் சற்றுப் பின்னால் ஒரு புடைப்பு வளையம் இருக்கும். ஹோஸை அந்த வளையத்தையும் தாண்டித் தள்ளி, கிளாம்பை வளையத்துக்குப் பின்னால் போட வேண்டும். ஹோஸின் உள்ளே சொட்டு ஆயில் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும்.

திருகு இணைப்பான் இருந்தால் அதில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். அதன் பிசிறு ஒன்று பிய்ந்து உள்ளே போனாலே வால்வு அடைபடும். ஆயிலைத் தாங்கும் பேஸ்ட் போதும். கூலர் அலுமினியம் என்பதால் இரண்டு ஸ்பேனர் பிடித்து இறுக்குங்கள்: ஒன்று கூலரின் வாயைப் பிடிக்க, மற்றது திருப்ப.

புதிய கூலரின் வாய்களில் தூசி போகாமல் பிளாஸ்டிக் மூடி போட்டு அனுப்புகிறார்கள். அது உள்ளே அழுந்தி, கூலரின் கறுப்பு நிறத்தோடு கலந்து கண்ணில் படாமல் இருக்கும். ஒருவர் அதோடு ஹோஸை மாட்டிவிட்டார். ஆயில் ஓட வழியில்லாமல் சில நிமிடத்தில் சூடு மளமளவென்று ஏறியது. மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்ததால் தப்பித்தார். இரண்டு மூடியையும் எடுத்து பெஞ்ச் மேல் வைத்து எண்ணிவிட்டு ஹோஸை மாட்டுங்கள்.

9. ஆயில் நிரப்பி, கசிவு பார்ப்பது

கூலரும் ஹோஸும் சேர்ந்து அரை முதல் ஒரு குவார்ட் வரை குடிக்கும். முதலில், சோதனையில் வாளிக்குப் போன அளவோடு அரைக் குவார்ட் சேர்த்து ஊற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பிரேக்கை அழுத்தியபடி ஒவ்வொரு கியரிலும் சில நொடி நிறுத்தி, மறுபடி பார்க்கிங்கில் போடுங்கள். இறங்கிப் போய் ஒவ்வொரு இணைப்பையும் காகிதத் துண்டால் ஒற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவும் காகிதத்தில் சிவப்பாகத் தெரியும்.

பத்துப் பதினைந்து மைல் ஓட்டி ஆயில் சூடான பிறகுதான் அளவு பார்க்க வேண்டும். சமதரையில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பார்க்கிங்கில். டிப்ஸ்டிக்கின் இரு பக்கமும் பார்த்து, குறைவாகக் காட்டும் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தால் கால் குவார்ட்டாக ஊற்றுங்கள். அதிகமானால் உள்ளே சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், குறைச்சலைப் போலவே அதுவும் சூடேற்றும். டிப்ஸ்டிக்கே இல்லாத புதிய வண்டிகளில் குறிப்பிட்ட வெப்பத்தில் பக்கத் திருகைக் கழற்றி அளவு பார்க்கும் முறை உண்டு. அந்த வெப்ப அளவைக் கையேட்டில் பார்த்துக்கொண்டு செய்யுங்கள்.

ஐம்பது மைல் ஓடிய பிறகு கிளாம்ப்களை ஒரு முறை இறுக்க வேண்டும். சூட்டில் ரப்பர் படிந்து சற்று தளரும்.

10. அதே பாதையில் மறுபடி அளவு

முதலில் போன அதே ஏற்றம், அதே டிரெய்லர், முடிந்தால் அதே வெயில். என் வண்டியில் ஐ-17-இல் பிளாக் கேன்யன் சிட்டியைத் தாண்டி வரும் நீண்ட ஏற்றத்தில் முன்பு 230-ஐத் தொட்ட அளவு, கூலருக்குப் பிறகு 195-ஐத் தாண்டவில்லை. உங்களுக்கு எண்கள் வேறாக இருக்கும். வெப்பம் இறங்கவே இல்லையென்றால் முதலில் 5-ஆம் படிக்குப் போங்கள்: அனேகமாக உங்கள் கூலர், சூடான ஆயில் போகும் குழாயில் இருக்கிறது.

மேட்டில் ஓட்டும் விதமும் இந்த அளவை மாற்றும். எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாக டிரான்ஸ்மிஷனுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டருக்குள் ஆயில் வழுக்கும்போதுதான் பெரும்பாலான சூடு பிறக்கிறது. ஓவர்டிரைவில் (நான்காம் கியர் வரை போகும் நிலை) விட்டு அது மூன்றுக்கும் நான்குக்கும் மாறி மாறித் தடுமாறுவதைவிட, நீங்களே மூன்றாம் கியரில் போட்டு ஒரே சீராக ஏறினால் சூடு குறையும். இழுவைக்கென்று டோ/ஹால் பொத்தான் இருந்தால் அழுத்திவிடுங்கள்.

கூலர் போட்டதால் வண்டி இழுக்கக்கூடிய எடை ஒரு பவுண்டு கூடக் கூடவில்லை. ஓட்டுநர் கதவு ஓரத்து ஸ்டிக்கரும் கையேடும் சொல்வதுதான் எல்லை. பிரேக், சஸ்பென்ஷன், ஹிட்ச் எல்லாம் பழையபடியேதான் இருக்கின்றன.

வருடத்துக்கு ஒரு முறை கோடைக்கு முன் கிரில்லைக் கழற்றி, கூலர் தகடுகளில் அடைத்திருக்கும் பூச்சியையும் தூசியையும் தோட்டத்துக் குழாயால் மெதுவாகக் கழுவுங்கள். உயர் அழுத்தப் பீச்சி வேண்டாம், தகடு மடங்கிவிடும். அப்போதே ஹோஸை விரலால் அமுக்கிப் பாருங்கள். விறைத்திருந்தாலோ மேலே வெடிப்பு தெரிந்தாலோ மாற்றிவிட்டு டிரெய்லரைக் கட்டுங்கள்.